ஒரே பாட்டு, வேறு எழுத்து

பெஹாலாவில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவர், தம் தாயார் பாடிய தாலாட்டைக் கணினியில் பதிந்து, தம்புரா நாதமும் சேர்த்துச் சென்னையிலுள்ள தம்பிக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். இருவரிடமும் ரீப்பர் மென்பொருளே உண்டு. ஆயினும் அங்கே தம்புரா ஒலிக்கவில்லை. காரணம் யாது?

தம்புராவைத் தருவது 'பிளகின்' என்னும் இணைப்பு மென்பொருள். தமக்கையின் விண்டோஸ் கணினியில் அது வி.எஸ்.டி. வடிவில் உள்ளது, ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட முறை அது. தம்பியின் ஆப்பிள் கணினியிலோ ஆடியோ யூனிட்ஸ் வடிவம் மட்டுமே உண்டு. புரோ டூல்ஸ் ஏற்பது ஏ.ஏ.எக்ஸ். என்னும் வேறொன்று. 2022-இல் கிளாப் என்பதும் வந்து சேர்ந்தது.

நாதத்தை உண்டாக்கும் கணக்கு ஒன்றே. தாய் மென்பொருளோடு பேசும் மரபுதான் வேறு. தமிழ் படிக்க அறியாத நம் குழந்தைக்குத் தமிழ்ப் பாட்டை வங்க எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோமல்லவா? அது போன்றதே இது.

எழுத்துகள் வழக்கொழிவதும் உண்டு. வி.எஸ்.டி. இரண்டாம் பதிப்புக்கான கருவித் தொகுப்பை அந்நிறுவனமே 2018-இல் வழங்காது நிறுத்திவிட்டது. ஆதலால் குரலையும் தம்புராவையும் தனித்தனியே 'வேவ்' ஒலிக்கோப்புகளாகவும் எடுத்து வையுங்கள். எழுத்தறியாத பேரனும் பாட்டியின் குரலைக் கேட்கலாம் அன்றோ?