தலைகீழாய்ப் பிடித்த புத்தகம்

(படிப்பக ஆண்டு விழாவொன்றில் ஆற்றிய உரை)



அரங்கத்தில் அமர்ந்து கேட்டவர்களுக்குச் சொன்னதை, இன்று ஏட்டை விரித்திருக்கும் உங்களுக்கும் சொல்கிறேன். நாடகம் எழுதுகிறவனை மேடையேற்றினால் அவன் காட்சியோடுதான் தொடங்குவான், பொறுத்தருள்க. இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் காணக் கிடைக்காத காட்சி அன்று!

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு. வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார். ஆசிரியர் கண்ணசைக்கிறார். சிறுவன் எழுகிறான், புத்தகத்தை விரிக்கிறான், மடை திறந்த வெள்ளமெனப் பாடத்தைப் பொழிகிறான். அலுவலர் முகம் மலர்கிறது. "பலே, தம்பி! அந்த மூன்றாவது வரியில் 'மரம்' எங்கே இருக்கிறது? தொட்டுக் காட்டு, பார்க்கலாம்!" என்கிறார். விரல் நகரவில்லை. விழியும் நகரவில்லை. அப்போதுதான் அவர் பார்க்கிறார். சிறுவன் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்திருக்கிறான்!

திரை விழுகிறது. கொட்டகையில் சிரிப்பு எழுகிறது. யாரைக் கண்டு சிரிக்கிறீர்கள், தோழர்களே? அந்தச் சிறுவனையா? ஒரு பாடம் முழுவதையும் காதால் கேட்டே கருத்தில் பதித்துக்கொண்டவன் அவன்! அவனுக்கு அறிவுப் பஞ்சம் இல்லை, எழுத்துப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தை மூன்றாண்டுக் காலமாக எவரும் கண்டறியவில்லையே! அதற்கு வெட்கப்பட வேண்டியவன் அவனா, நாமா?

பள்ளியின் வாசலைத் திறப்பதற்கு இந்த நாடு பட்ட பாடு கொஞ்சமா? 1920ஆம் ஆண்டு, நீதிக் கட்சிக் காலத்தில், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தரப்பட்டது. 1953இல், அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றொரு திட்டம் வந்தது. 'குலக்கல்வி' என்று கொதித்தெழுந்தது தமிழகம். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அவரே 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. கட்சி பார்த்துச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

பலன் கிடைக்காமலா போயிற்று? 1951இல் இந்தியாவில் 100க்கு ஏறத்தாழ 18 பேர்தாம் எழுத்தறிந்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100க்கு 80 பேர்! அழைத்தோம், வந்தார்கள். அமர்த்தினோம், அமர்ந்தார்கள். ஆனால், தோழர்களே, பிள்ளையின் பெயரை ஏட்டில் ஏற்றுவது வேறு. ஏட்டைப் பிள்ளையின் உள்ளத்தில் ஏற்றுவது வேறு. முதல் வேலையில் வென்ற நாம், இரண்டாம் வேலையில் எங்கே நிற்கிறோம்?

'அசர்' என்றோர் ஆய்வு 2005 முதல் நடந்து வருகிறது. ஊர்ப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் எழுத்துகள், பிறகு சொற்கள், பிறகு முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, கடைசியில் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. எதுவரை படிக்க முடிகிறதோ, அதுவே அந்தப் பிள்ளை ஏறி நிற்கும் படி.

2022இல் அந்த ஆய்வு சொன்னது என்ன? தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 100க்கு 5 பேருக்கும் குறைவு! இந்திய அளவிலோ 100க்கு 20 பேர். படித்ததும் நெஞ்சு சுட்டது.

காரணம் இருக்கிறது என்பீர்கள். ஆம், இருக்கிறது. 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை. கொரோனா கதவடைத்த காலம்! தொடக்கப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் முதல் நாள். 'அ' எழுத வேண்டிய ஆண்டில் அந்தப் பிள்ளை பள்ளியையே காணவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொரோனா எட்டிப் பாராத 2018இல்? அன்றும் இங்கே 100க்கு 10 பேர்தாம்! இந்திய அளவில் 27 பேர். பழியைத் தொற்றுநோயின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியுமா?

"அந்த ஆய்வே சரியில்லை" என்பார் சிலர். அதற்கும் வரம்புகள் உண்டு. அது நகரத்துக்குள் நுழைவதில்லை. எழுதும் திறனைச் சோதிப்பதில்லை. உண்மை. ஆனால் எண் குறைந்தால் ஆய்வைத் தூற்றுவது, 2024இல் எண் மீண்டும் உயர்ந்ததும் அதே ஆய்வுக்கு மாலை சூட்டுவது, பகுத்தறிவாளர்க்கு அழகாகுமா? காய்ச்சல் பார்க்கும் கருவியை உடைத்தால் காய்ச்சல் தணியாது. அக்கருவியைக் காட்டி நோயாளியை அடிப்பதும் மருத்துவமாகாது. இரண்டையும் விலக்குவோம்.

படிப்பு எளிதென்று எண்ணாதீர்கள். 247 எழுத்துகள். 'கொ' என்னும் ஓரெழுத்துக்கு முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ மூன்று! வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை, ஏட்டில் 'வந்தது' என்பதைச் சந்திக்கிறது. தந்தை பெரியார் 1935இலேயே எழுத்துச் சீர்திருத்தம் பேசியது எதற்காக? கற்பவரின் சுமையைக் குறைக்க! 1978இல் அரசு அதில் ஒரு பகுதியை ஏற்றது. அந்தச் சுமையில் எஞ்சியதைக் குறைக்க வேண்டியது கற்பிக்கும் முறை. எழுத்தெழுத்தாய்க் கூட்டித் திணறும் பிள்ளை, வரியின் முடிவுக்கு வருமுன் தொடக்கத்தை மறந்துவிடும். பொருள் எப்படிப் புரியும்? பொருள் புரியாத படிப்பு, உப்பில்லாப் பண்டம் மட்டுமா? நாளை கணக்கும் வராது, அறிவியலும் வராது, மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்து மட்டும் வரும்!

எழுத்தும் அவ்வாறே. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது ஒரு படி. சொல்வதைக் கேட்டு எழுதுவது அடுத்த படி. "நேற்று எங்கள் ஆடு குட்டி போட்டது" என்று தன் செய்தியைத் தானே எழுதுவது மூன்றாம் படி. முதற்படியில் முத்து முத்தான கையெழுத்தைக் கண்டு மயங்கி, மூன்றாம் படியை நாம் கேட்பதே இல்லை.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்த நோயறிந்து வந்த மருந்து. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை கண்டு, அந்நிலையிலிருந்தே கற்பிப்பது அதன் உயிர். ஆனால் கைப்பேசியில் விவரம் ஏற்றுவதிலேயே வகுப்பு நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டார்கள். நியாயமான முறையீடு! ஆய்வு என்பது தலைநகருக்கு எண் அனுப்புவதற்கன்று. இன்று காலை 'கொ'வில் தடுக்கிய பிள்ளைக்கு, நாளைக் காலை 'கொ' சொல்லித் தருவதற்கு! அரும்பு ஆண்டு முழுவதும் அரும்பாகவே நின்றால், அதைப் பதிவு செய்துவிட்டோம் என்று பெருமைப்படுவதில் என்ன பயன்?

நாம் என்ன செய்வது? ஆசிரியரை மிரட்டப் போகாதீர்கள். ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்ப்பவர் அவர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைத் தந்திருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் சுண்ணாம்புக்கும் சுற்றுச்சுவருக்கும் மட்டும் பேசாமல், "எத்தனை பிள்ளைகள் புதிய கதை ஒன்றைத் தாமாகப் படிக்கிறார்கள்? படிக்காதவர்க்கு எந்த நேரம் ஒதுக்கியிருக்கிறோம்? அதற்கு ஆசிரியருக்கு என்ன உதவி தேவை?" என்று தாய்மார்கள் கேட்கட்டும்.

ஒருகாலத்தில் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் ஏட்டைப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். அந்தக் குரலில் வளர்ந்தது நம் இயக்கம். இன்று அந்த வேலையைத் திருப்பிச் செய்வோம். நம் படிப்பகத்தில் மாலையில் அரைமணி நேரம், பிள்ளை படிக்கட்டும். நாம் சுற்றி அமர்ந்து கேட்போம். தடுக்கினால் சிரிக்காதீர்கள், தாங்கிப் பிடியுங்கள்.

வாசலைத் திறந்தவர்கள் நம் முன்னோர்கள். தலைகீழாய்ப் பிடித்த புத்தகத்தை நிமிர்த்தும் கை நம்முடையதாகட்டும்!