ஒப்புரவால் எழுந்த கணிப்பொறி மன்றங்கள்



ஈகை வேறு, ஒப்புரவு வேறு. திருக்குறளில் இவ்விரண்டும் தனித்தனி அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்பதை யாவரும் அறிவர். உள்ளவன் கையிலிருந்து இல்லாதவன் கைக்கு இறங்குவது ஈகை. ஒருவன் தன்பால் உள்ளதை ஊர்க்குப் பொதுவாக்கித் தானும் அவ்வூராருள் ஒருவனாகவே நிற்பது ஒப்புரவு. ஈகையில் மேற்கை உண்டு, கீழ்க்கை உண்டு. ஒப்புரவிலோ அவ்வேறுபாடு இல்லை. இன்று வாங்கியவன் நாளை வழங்குவான். இன்று கற்றவன் நாளை கற்பிப்பான்.

இவ்வொப்புரவு ஏட்டில் மட்டும் வாழும் பழஞ்சொல் அன்று. ஐம்பது ஆண்டுகளுக்குள் உலகின் நடையையே மாற்றிவிட்ட கணிப்பொறியின் வரலாற்றில், இது கண்கூடாக நின்று வேலை செய்திருக்கிறது. கணிப்பொறி என்றவுடன் பெருஞ் செல்வர்களின் பெயர்களே பலர்க்கும் நினைவுக்கு வருகின்றன. அச்செல்வம் முளைத்த நிலத்தை உழுதவர் யார்? ஊர்தோறும் கணிப்பொறி மன்றம் கண்டு, ஒரு காசும் பெறாமல் அவற்றை நடத்திய தொண்டர்களே! அவர்களைப் பற்றியதே இவ்வுரை.

1. பூட்டிய அறையும் திறந்த கொட்டகையும்

1970களின் தொடக்கத்தில் கணிப்பொறி என்பது எளியவன் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக இருக்கவில்லை. அரசு, படை, பல்கலைக்கழகம், பெருநிறுவனம் ஆகியவற்றின் குளிரூட்டிய அறைகளுக்குள் அது பூட்டிக் கிடந்தது. அதனை இயக்கும் அறிவும் அவ்வறைக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது.

1975 சனவரியில் அமெரிக்க மின்னணு இதழ் ஒன்றின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணிப்பொறியின் படம் வெளிவந்தது. உறுப்புகளாக வாங்கித் தாமே பற்றவைத்துப் பூட்டிக்கொள்வார்க்கு அதன் விலை ஏறத்தாழ 400 தாலர். அதற்குத் திரை இல்லை. எழுத்துப் பலகை இல்லை. முகப்பில் மேலும் கீழும் தள்ளும் விசைகளும், எரிந்து அணையும் சிறு விளக்குகளுமே இருந்தன. அதன் நினைவகமோ வெறும் 256 பைட்டு! வாங்கியவர் பலர்க்கும் அதனைப் பூட்டி முடிப்பதே பெரும்பாடு. பூட்டிய பின் அதனைக் கொண்டு என்ன செய்வது என்பது அதனினும் பெரும்பாடு. தனியொருவனால் இயலாத இடத்தில்தானே கூட்டுறவு பிறக்கிறது!

1975 மார்ச்சு 5ஆம் நாள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கு என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பாருடைய மகிழுந்துக் கொட்டகையில் முப்பதுக்கு மேற்பட்டோர் கூடினர். அவரும் பிரெடு மூரும் சேர்ந்து கூட்டிய கூட்டம் அது. பிரெடு மூர் பொறியியல் வல்லுநர் அல்லர்; அமைதித் தொண்டர். 1959இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, கட்டாயப் படைப்பயிற்சியை எதிர்த்து அதன் படிக்கட்டில் அமர்ந்து உண்ணாநோன்பு நோற்றவர். கணிப்பொறி என்னும் ஆற்றல் சிலர் கையில் மட்டும் குவிதல் கூடாது என்பதே அவர் உள்ளக் கிடக்கை. அக்கொட்டகையில் பிறந்ததே 'ஓம்புரூ' எனப்பட்ட கணிப்பொறி மன்றம். வீட்டில் தாமே ஆக்குவது என்பது அப்பெயரின் கருத்து. அடையாளச் சீட்டு இன்றி யாரும் வரலாம், எதையும் கேட்கலாம்!

2. அறிவைப் பொதுவாக்கிய முறை

கூட்டம் பெருகவே, இடம் மாறி மாறி, இறுதியில் சுடான்போர்டு நேரியல் முடுக்கி நிலையத்தின் அரங்கில் அம்மன்றம் நிலைகொண்டது. இரு கிழமைக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கானோர் கூடினர். அவையை நடத்தியவர் இலீ பெல்சென்சுடீன். அவர் வகுத்த முறை எளியது. ஆனால் கூர்த்த அறிவின்பாற்பட்டது.

கூட்டத்தின் முற்பகுதியில், கையுயர்த்துவாரை ஒவ்வொருவராக அவர் எழுப்புவார். எழுந்தவர் தமக்குத் தெரிந்தது இன்னது, தம்மிடம் உள்ளது இன்னது, தமக்குத் தேவைப்படுவது இன்னது என்று சுருங்கச் சொல்லி அமர்வார். நீண்ட சொற்பொழிவுக்கு அங்கு இடமில்லை. சிறிது நேரத்தில் அவ்வரங்கில் யாரிடம் எது இருக்கிறது, யாருக்கு எது இல்லை என்பது அனைவர்க்கும் விளங்கிவிடும். பிற்பகுதியில் அவை கலையும்; இருப்பவரைத் தேவைப்படுவார் நாடிச் செல்வர். சுற்று வரைபடங்கள் கைமாறும், உதிரி உறுப்புகள் கைமாறும், பிழைகள் திருத்தப்படும்.

ஊருணியில் நீர் நிரம்பிய செய்தியை ஊரார்க்கு உரைப்பது போன்றது இம்முறை. நீர் இருந்தும், இருக்கும் இடம் தெரியாமையால் நாவறண்டு கிடப்பார் எத்துணைப் பேர்! அறிவு இல்லாமையைக் காட்டிலும், அறிவுடையாரும் அது தேவைப்படுவாரும் ஒருவரையொருவர் அறியாமையே பல இடங்களில் பெருங்கேடு.

இம்மன்றத்தில் நிகழ்ந்தவற்றுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. 1975இன் வேனிற் கூட்டம் ஒன்றில், சுடீவ் தாம்பியர் என்னும் உறுப்பினர் தம் ஆல்டேர் பொறியின் அருகில் ஒரு சிறு வானொலிப் பெட்டியை வைத்தார். விசைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி ஒரு நிரலை ஊட்டினார். பொறி இயங்குகையில் எழுந்த மின்னதிர்வை வானொலிப் பெட்டி பற்றி இசையாக ஒலித்தது! எதற்கும் உதவாது என்று எண்ணப்பட்ட பெட்டி பாடிற்று. அவையோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். வழி காட்டுவார் இல்லாத கருவிக்கு வழி கண்டுபிடித்து, கண்டதை அன்றே பலரறியச் செய்வதுதான் மன்றத்தின் உயிர்.

முதற் கூட்டத்திற்கு வந்திருந்தவர்களுள் சுடீவ் வோசுனியாக்கு ஒருவர். மன்றத்தில் கேட்டறிந்தவற்றால் தூண்டப்பெற்று அவர் வகுத்ததே முதல் ஆப்பிள் கணிப்பொறி. அதன் வரைபடத்தை மன்றத்தினர்க்கு அவர் விலையின்றி வழங்கினார். தாமே ஆக்கிக்கொள்ள விரும்பியவர்க்குத் துணையும் நின்றார். ஆப்பிள் நிறுவனம் தோன்றியது 1976 ஏப்பிரலில். அது வணிகப் பொருளாகுமுன் மன்றப் பொருளாக இருந்தது என்பதனை மறத்தல் ஆகாது.

3. எவர் கண்ணிலும் படாத வேலைகள்

மன்றத்தை நடத்துவது என்பது மேடையில் நிற்பது அன்று. அரங்கைக் கேட்டுப் பெறுதல், கதவைத் திறத்தல், நாற்காலிகளை அடுக்குதல், கணிப்பொறியைத் தோளில் சுமந்து வருதல், செய்தி மடலைத் தட்டச்சிட்டுப் படியெடுத்து மடித்து முகவரி எழுதி அஞ்சலில் சேர்த்தல், புதிதாக வந்தவன் கேட்கும் அதே கேள்விக்கு நூறாம் முறையும் முகங்கோணாமல் விடை கூறுதல், எல்லாரும் போன பின் குப்பை அகற்றி விளக்கணைத்து வருதல் ஆகிய இவையே மன்ற நடப்பு. இவற்றுள் எதற்கும் கைதட்டல் இல்லை. ஒன்று நின்றாலும் மன்றம் நின்றுவிடும்.

அம்மன்றத்தின் செய்தி மடல், முதற்கூட்டம் முடிந்த பத்தே நாளில், 1975 மார்ச்சு 15இல் வெளிவந்தது. தொகுத்தவர் பிரெடு மூர். 1977 இறுதி வரை 21 மடல்கள் வெளிவந்தன. கூட்டத்திற்கு வர இயலாத தொலைவில் இருந்தவர்க்கும் மன்றத்தைக் கொண்டு சென்றது அச்சிறு தாள்தான். பகலில் பிழைப்புக்கு ஒரு வேலையும், இரவில் மன்றத்திற்கு ஒரு வேலையும் செய்த கைகளே அதனை ஆக்கின.

4. உழைத்தவன் கூலி கேட்டல் குற்றமா?

ஒப்புரவு நெறிக்கு ஒரு கடுஞ்சோதனையும் வந்தது. ஆல்டேர் பொறிக்கென பில் கேட்சும் பால் ஆலனும் மற்றொருவரும் 'பேசிக்கு' என்னும் கணிமொழிக்கான மென்பொருளை எழுதியிருந்தனர். அது பதிந்த துளைநாடா ஒன்று மன்றத்தார் கைக்கு வந்தது. உறுப்பினர் ஒருவர் அதனைப் பல படிகள் எடுத்து மன்றத்தில் வழங்கினார். ஒன்று பெறுவோர் அடுத்த முறை கூடுதலான படிகளுடன் வரவேண்டும் என்பதே அவர் கேட்ட விலை.

1976 பிப்பிரவரியில் பில் கேட்சு ஒரு திறந்த மடல் எழுதினார். பயன்படுத்துவோரில் பெரும்பாலார் விலை கொடாமல் திருடுகின்றனர் என்றும், கணிப்பொறி நேரத்திற்கு மட்டுமே 40,000 தாலருக்கு மேற்பட்ட மதிப்பு செலவாகியுள்ளது என்றும், ஊதியமின்றி நல்ல மென்பொருளை எவர் எழுதுவார் என்றும் அதில் வினவினார்.

அம்மடலில் நயன்மை சிறிதும் இல்லை என்று தள்ளிவிடுதல் முறையன்று. உழைத்தவன் கூலி கேட்பது எங்ஙனம் குற்றமாகும்? ஒப்புரவு என்பது தன் பொருளைப் பொதுவாக்குவது. பிறன் பொருளை அவன் இசைவின்றி வாரி வழங்குவது எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யினும் ஒப்புரவு ஆகாது. இவ்விடத்தில் அம்மன்றத்தார் சிலர் வழுக்கினர் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

ஆயின், ஊதியமின்றி எவர் எழுதுவார் என்னும் வினாவிற்கு விடை சொல்லிலன்றிச் செயலில் வந்தது. சிற்றளவான பேசிக்கு மொழியைத் தாமே எழுதி, அதன் வரிகள் முழுவதையும் அச்சிட்டுப் பரப்பும் முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. 1976இல் அதற்கென ஓரிதழே மென்லோ பார்க்கிலிருந்து வெளிவரலாயிற்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தினார். அதனை வேறொருவர் வேறொரு பொறிக்கு மாற்றினார். மன்றத்து உறுப்பினர் ஒருவர் தாம் எழுதிய பேசிக்கை வெறும் 5 தாலருக்கு விற்றார். இன்னொருவர் உரிமைக் காப்பு வாய்பாட்டையே நகையாகத் தலைகீழாக்கித் தம் நிரலின் தலைப்பில் பொறித்து, அதனை ஊர்க்கு விட்டார். பிறன் தோட்டத்துக் கனியைப் பறித்துப் பங்கிடுவதினும், தானே மரம் நட்டுப் பொதுவில் விடுவது மேலன்றோ!

5. மன்றம் சாய்வது எப்போது?

1977இல் போசுடன் நகரில் ஒரு மன்றம் தோன்றியது. அதனை நிறுவிய இருவருள் ஒருவரான யோனத்தான் உரோட்டன்பர்குக்கு அப்போது அகவை 13 மட்டுமே! ஒரு சிறுவன் தொடங்கிய மன்றம் வளர்ந்து வளர்ந்து 30,000 உறுப்பினரையும் கடந்தது. துறைக்கொரு குழு, பொறிக்கொரு குழு எனக் கிளைத்தது. 1984 சனவரி 30ஆம் நாள் ஆப்பிளின் மெக்கின்டாசு கணிப்பொறியை அம்மன்றத்தார் முன்னிலையில் நிறுவனத்தார் கொணர்ந்து காட்டினர். பெருநிறுவனங்களும் தேடி வரும் அளவிற்கு அதன் சொல் மதிக்கப்பட்டது.

அத்துணைப் பெரிய மன்றமும் 1996இல் மூடப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1986 திசம்பரில், மென்லோ பார்க்கில் பிறந்த மன்றமும் தன் இறுதிக் கூட்டத்தை நடத்தி முடித்திருந்தது. பூட்டிய கணிப்பொறி கடையிலேயே கிடைக்கலாயிற்று. ஐயங்களுக்கு விடையும் வேறு வழிகளில் கிடைக்கலாயின. மன்றத்தார் பலர் நிறுவனங்கள் கண்டபோது, நேற்று வெளிப்படையாகச் சொன்னதை இன்று சொல்ல இயலாத நிலையும் நேர்ந்தது.

கேட்டுச் செல்லும் கூட்டம் பெருகி, செய்து கொடுக்கும் கைகள் பெருகாத இடத்தில், எஞ்சிய சிலர் முதுகின்மேல் முழுச்சுமையும் ஏறுகிறது. அவர் களைத்துச் சாய்ந்தால் மன்றமும் சாய்கிறது. உறுப்பினன் நுகர்வோனாக மாறும் நாளே எந்த மன்றத்திற்கும் நோய் தொடங்கும் நாள். வாங்குவோன் வழங்குவோன் ஆகாவிடின், ஒப்புரவு ஈகையாகச் சுருங்கும். ஈகையோ ஈவான் சோர்ந்தவுடன் முடியும்.

6. தமிழ் மண்ணில் அவ்விதை

விதை அழியவில்லை. 1983இல் இரிச்சர்டு சுடால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் முயற்சியும், 1991இல் இலினசு தோர்வால்சு வெளியிட்ட இலினக்சும் அந்நெறியை உலகளாவியதாக்கின. அவற்றைப் பயில்வோர் ஊர்தோறும் குழுக்கள் கண்டனர். தமிழ்நாட்டிலும் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் முதலிய இடங்களில் அத்தகைய குழுக்கள் தோன்றின. கட்டணம் இன்றிக் கற்பித்தலும், கற்றவரையே கற்பிப்பவராக ஆக்குதலும் அவற்றின் நடைமுறை. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் அறிவைத் தொண்டர்களின் எழுத்தால் தமிழிலேயே தந்து வருகிறது. கணிப்பொறித் திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்கி விலையின்றி வழங்கியவர்களும் இத்தகைய தொண்டர்களே.

அன்று கலிபோர்னியாவில் கணிப்பொறியைப் பூட்டி வைத்தது விலை. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைக்கு விலையோடு அயன்மொழியும் சேர்ந்து இரட்டைப் பூட்டாக நிற்கிறது. ஒரு பூட்டைத் திறந்து மறு பூட்டை விட்டுவைத்தால் கதவு திறக்குமா? ஆதலின், தமிழில் சொல்லிக் கொடுக்கும் ஒரு தொண்டனின் ஒரு மாலைப்பொழுது, அப்பிள்ளைக்கு இரண்டு பூட்டுகளையும் ஒருங்கே திறக்கும் திறவுகோலாகும்.

தமிழன்பர்களே! மன்றம் காணப் பெருஞ்செல்வம் வேண்டா; ஒரு கொட்டகை போதும். பெரும்புலமை வேண்டா, தெரிந்ததைத் தெரிந்தவாறும் தெரியாததைத் தெரியாதவாறும் எழுந்து சொல்லும் நேர்மை போதும். கற்க வருவோர் கற்றதோடு போய்விடாமல், நாற்காலி அடுக்கவேனும் ஒரு நாள் முன்னதாக வருக! அவ்வொரு நாளில்தான் வாங்குவோர் வழங்குவோர் ஆகின்றனர். மன்றம் தலைமுறை கடக்கின்றது.