பாலை மண்ணின் பூஞ்சைகள்



நம் கொடிமலையில் சாய்ந்து கிடக்கும் மரத்தில் காளான் முளைத்திருப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் தீவு இது. இராசத்தானின் செய்சல்மேரிலோ சராசரி மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தத் தார்ப் பாலையிலும் மழைக்காலத்தில் மணலைப் பிளந்துகொண்டு காளான் எழுகிறது. மக்கள் அதைப் பறித்துச் சந்தையில் விற்கின்றனர். காளான் மேலே தெரிவது சில நாள்களே. அதன் உடலாகிய பூஞ்சை இழைகள் ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அவை அங்கே என்ன செய்கின்றன என்பதே இன்றைய உரையின் பொருள்.

குறிஞ்சியும் முல்லையும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலையை வெறுநிலமாகக் கருதாமல், நீர் நீங்கிய நிலமாகக் கண்ட பார்வை அது. மண்ணியலாருக்கும் அப்பார்வை பொருந்தும்.

தார்ப் பாலையின் தலையாய மரம் வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலமரமும் அதுவே. இராசத்தானியர் அதைக் கேச்ரி என்பர்; 1730இல் கேச்ரலி என்னும் ஊரில் இம்மரங்களைக் காக்க 363 பிசுனோய் மக்கள் உயிர் நீத்தனர். வன்னியின் வேர்த்திசுக்களுக்குள் வேர்ப்பூஞ்சை குடியிருக்கிறது. இலை ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை மரம் அதற்கு அளிக்கிறது. வேர்த்தூவியும் நுழைய இயலாத நுண்துளைகளிலிருந்து பாசுபரசையும் நீரையும் இழைகள் திரட்டித் தருகின்றன. காற்றிலிருந்த கரிமம் மண்ணுக்குள் இறங்கும் வழிகளில் இது ஒன்று. இழைகள் மணல்துகள்களைப் பிணைத்துக் கட்டிகளாக்குகின்றன. அவற்றுள் அடைபட்ட கரிமம் எளிதில் சிதைவதில்லை.

இனி மறுபக்கம். பூஞ்சை கரிமத்தைச் சேர்ப்பது மட்டுமன்று, செலவழிப்பதும் உண்டு. பெரும்பாலான பாக்டீரியாக்கள் முடங்கிப்போகும் வறட்சியிலும் பல பூஞ்சைகள் இயங்கவல்லன. நமீப் பாலையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, மழையே இல்லாத நாள்களிலும் இரவுப் பனியும் மூடுபனியும் தரும் ஈரத்தைக் கொண்டே காய்ந்த புல்தாள்களைப் பூஞ்சைகள் சிதைக்கின்றன எனக் காட்டியது. மழை பெய்தாலோ, மண் திடீரென மூச்சுவிடும். காய்ந்த மண் நனைந்தவுடன் கரியமில வாயு பீறிட்டெழும் இந்நிகழ்வைக் கென்யாவில் ஆராய்ந்து 1958இல் விளக்கினார் பிர்ச். அது அவர் பெயராலேயே பிர்ச் விளைவு எனப்படுகிறது. (முதல் மழையின் மண்வாசனையையும் பூஞ்சையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது பெரிதும் ஆக்டினோமைசீட்டு என்னும் பாக்டீரியாக்களின் கைவண்ணம். முன்னாளில் அவற்றையும் பூஞ்சை என்றே எண்ணியிருந்தனர்.)

பாலை மண்ணில் சுக்கான் கல்லாகவும் கரிமம் உறைகிறது. பூஞ்சை இழைகளின்மேல் சுண்ணாம்பு படிந்து இறுகிய தடங்களை நுண்ணோக்கியில் காணலாம். ஆயினும் சுக்கான் அனைத்தும் புதிய சேமிப்பு என்று மகிழ்வதற்கில்லை. பழைய சுண்ணாம்பே கரைந்து மீண்டும் படிந்திருந்தால், கணக்கில் ஏறியது ஒன்றுமில்லை.

உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு வறள்நிலம். ஆகவே இது தொலைவில் உள்ள எவருடைய சிக்கலோ அன்று. இன்று மேற்கு இராசத்தானில் சூரிய மின் நிலையங்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுகின்றன. ஊரார் எதிர்த்துப் போராடுகின்றனர். சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறோரிடத்தில் நாற்று நட்டால் கணக்கு நேராகும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மரத்தின் எடையை அளக்கலாம். வேரும் இழையும் பல்லாண்டுகளாய்ப் பின்னிய மண்ணை நாற்றோடு பெயர்த்து நட முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பிர்ச் விளைவைப் பள்ளியிலேயே காட்டலாம். தோட்டத்து மண்ணை ஒரு வாரம் வெயிலில் உலர்த்துங்கள். மூடியுள்ள இரு கண்ணாடிக் குப்பிகளில் அதைச் சம அளவில் இட்டு, ஒவ்வொன்றிலும் தெளிந்த சுண்ணாம்பு நீர் நிறைத்த சிறு கிண்ணத்தை வையுங்கள். ஒன்றில் மட்டும் மண்ணை நனைத்து, இரண்டையும் இறுக மூடுங்கள். மறுநாள் எந்தக் கிண்ணம் முதலில் பால்போல் கலங்கியது என்று மாணவர்களே சொல்லட்டும்.