விக்டோரியா மண்டபம் யாருக்கு?

(மந்தைவெளியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியுமல்ல, சாஸ்திரமுமல்ல, ஒரு கட்டடம். "கட்டடத்தைப்பற்றிப் பேச சுயமரியாதைக்காரனுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கோவிலும் கட்டடந்தானே? யார் உள்ளே போவது, யார் வெளியே நிற்பது என்ற சண்டையில்தானே இந்த நாட்டில் பாதிக்காலம் கழிந்தது?

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகில், ரிப்பன் கட்டடத்தை அடுத்தாற்போல், செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டிய விக்டோரியா பொது மண்டபம் இருக்கிறது. இந்த மந்தைவெளியில் ரயிலேறினால் பார்க் டவுனில் இறங்கி நடந்துபோய்விடலாம். இங்கு கூடியிருப்பவர்களில் அதற்குள் போனவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் எத்தனை கை தூக்குவீர்கள்?

1882-ல் பச்சையப்பன் மண்டபத்தில் பெரிய மனிதர்கள் கூடி, நகரத்திற்கு ஒரு டவுன் ஹால் வேண்டுமென்று தீர்மானித்தார்கள். மறு வருஷம் விஜயநகரம் மகாராஜா அஸ்திவாரக்கல் நாட்டினார். சிஸம் என்ற துரை படம் போட்டுக் கொடுத்தார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 50 வருஷமானதையொட்டி அவர் பெயரை வைத்தார்கள். கட்டினவர்கள் கைப்பணம் போட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலம் யாருடையது? பீப்பிள்ஸ் பார்க் என்ற பொதுத் தோட்டத்திலிருந்து முனிசிபாலிட்டி கொடுத்த 57 மனை. மனைக்கு 8 அணா வீதம் 99 வருஷக் குத்தகை. கணக்குப் போட்டால் எல்லாம் சேர்த்து 28 ரூபாய் 8 அணா! இன்றைக்கு அந்தப் பணத்திற்கு ஓட்டலில் ஒருவேளைச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம். வரி கொடுத்தவன் நிலத்தை அவ்வளவு சல்லிசாகக் கொடுத்திருக்கும்போது, வரி கொடுத்தவன் பேரன் அதற்குள் நுழைய யாரைக் கேட்க வேண்டும்?

அந்த மண்டபத்தில் நாடகம் வளர்ந்தது உண்மை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் ஏற்படுத்திய சுகுண விலாச சபை அங்கேதான் பல வருஷம் நடித்தது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷங்கட்டினார்கள். பெண் வேஷமும் ஆண்களே போட்டார்கள். "கூத்தாடி" என்ற இழிவு நாடகத்திற்குப் போயிற்று என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் தோழர்களே, இழிவு போனது யாருக்கு? வக்கீல் ஆடினால் அது கலை. கிராமத்தில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடினவன் கூத்தாடியாகவேதானே நின்றான்? சதிர் ஆடின சமூகத்துப் பெண்களைப் பழித்தார்கள். அதே ஆட்டம் பரதநாட்டியமென்று பெயர் மாறி மேல்ஜாதி வீட்டுப் பெண்கள் ஆடியபோது தெய்வீகமாகிவிட்டது. பறையை மாத்திரம் சாவு வீட்டில் அடிக்கக் கூப்பிடுகிறான். மேடையில் அடித்தால் முகத்தைச் சுளிக்கிறான். தோல் ஒன்றுதான், மிருதங்கத்திலும் தோல்தான். ஜாதிதான் வேறு.

தங்கள் கருத்துக்கு ஒவ்வாததை மேடையேறவிடாமல் தடுத்ததும் நமக்குத் தெரியும். எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் கண்டு பயந்து 1954-ல் நாடகச் சட்டமே கொண்டுவந்தார்கள். பெரியார் என்ன செய்தார்? 1953-ல் சென்னையில் டிராம் நின்றுபோனது. வேப்பேரியில் டிராம் வண்டிகள் நின்ற இடத்தை வாங்கினார். அதுதான் பெரியார் திடல். அங்குள்ள மன்றத்திற்கு அந்த நடிகர் பெயரே இருக்கிறது. பழைய இடத்தைப் பொதுமக்களுக்கு உபயோகமாக்குவது எப்படி என்பதற்கு நாம் சீமைக்குப் போய் உதாரணம் தேடவேண்டியதில்லை.

விக்டோரியா மண்டபம் பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இப்போது மாநகராட்சி சுமார் 32 கோடி ரூபாய்த் திட்டத்தில் அதைப் புதுப்பித்திருக்கிறது. சந்தோஷம். பணம் யாருடையது என்று மறுபடியும் சொல்லவேண்டியதில்லை. "எல்லாரையும் விட்டால் கட்டடம் கெட்டுப்போகும்" என்பார் சிலர். இத்தனை காலம் அது பாழானது ஏழைகள் நடமாடியதாலா? கவனிக்க ஆளில்லாமல் போட்டதால்தானே! காரைக் கட்டடத்தில் காற்றும் ஆளும் புழங்க வேண்டும். பூட்டிவைத்தால் ஈரம் தின்றுவிடும். கொத்தனாரைக் கேளுங்கள், சொல்லுவார்.

"வருமானம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். கல்யாணத்துக்கும் கம்பெனி விழாவுக்கும் பணம் வாங்கட்டும். ஆனால் பறையும் கூத்தும் ஆடுகிறவர்களுக்கும், கானா பாடுகிற பிள்ளைகளுக்கும் அதே வாடகை என்றால் அது கதவைச் சாத்துவதே. நாம் கேட்பது அதிகமில்லை. மாதத்தில் சில நாள்கள் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் குப்பை வாருகிற தொழிலாளர் பிள்ளைகளுக்கும் வாடகையின்றிக் கொடுக்க வேண்டும். எந்தத் தேதி யாருக்கு என்பதை வாசலில் எழுதித் தொங்கவிட வேண்டும், சிபார்சுக்கு இடமிருக்கக்கூடாது. எந்த விழாவானாலும் சர்க்கார் செலவில் பூசணிக்காய் உடைக்கக்கூடாது.

நமக்குப் பக்கத்தில் பெசன்ட் நகரையொட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015 முதல் மீனவர் மத்தியில் கலைவிழா நடத்தினார்கள். சங்கீத வித்வான்கள் குப்பத்துக்கு வந்தார்கள். வரட்டும். குப்பத்துக்காரனும் மண்டபத்துக்குப் போகவேண்டுமல்லவா? வித்வான் இங்கே வருவது அவர் தயவு. நாம் அங்கே போவது நம் உரிமை.

மேயருக்கு ஒரு மனு எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறோம். படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு இளைஞர்கள் அதை முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கவேண்டும். கைநாட்டு வைப்பவர்கள் வெட்கப்படவேண்டாம், மையும் இருக்கிறது.