களிமண்ணில் விளையும் முத்து

சிப்பியில் கண் ஒட்டிப் பொம்மை செய்வதோடு கைவேலை முடிந்துவிடுவதில்லை. அதன் வழியாகவே உயிரியலையும் கற்றுத்தரலாம். கடுகளவு களிமண் உருண்டை ஒன்றை எடுத்து, அதன்மேல் வெள்ளை, நீலம் என்று மாற்றி மாற்றி மெல்லிய களிமண் ஏடுகளைக் குழந்தையையே சுற்றச் சொல்லுங்கள். பிறகு நூலால் நடுவே அறுத்தால், வெங்காயத்தை வெட்டியது போல வளையங்கள் தெரியும். முத்து வளர்வதும் இப்படித்தான். உடலுக்குள் புகுந்துவிட்ட ஒட்டுண்ணி போன்ற அந்நியப் பொருளின்மேல், ஓட்டின் உட்புறத்தைப் பளபளக்க வைக்கும் அதே பொருளைச் சிப்பி படலம் படலமாகப் பூசுகிறது. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், சிப்பிக்குள் சிறு மணியையும் திசுத் துண்டையும் வைத்து முத்து விளைவித்ததும் இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான்.

பாடப்புத்தகப் படமே போதாதா என்று கேட்கலாம். படம் காட்டுவது விளைந்த முத்தை. அது விளையும் விதத்தைக் கை உணர்த்துகிறது. ஏடு ஏடாகச் சுற்றிய குழந்தைக்கு, முத்து ஒரே நாளில் விளையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கைவேலைக்காகக் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கினால் கடலுக்குக் கேடு என்பது இன்னொரு மறுப்பு. அது நியாயமானதே. காலிச் சங்குதான் துறவி நண்டுக்கு வீடு. சில சங்கு இனங்களை எடுப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆகவே, சமையலில் மிஞ்சும் மட்டி ஓடுகளைக் கொதிநீரில் சுத்தம் செய்து பயன்படுத்துங்கள். கடலிலிருந்து எடுக்காமலே கடலைக் கற்கலாம் என்பதும் குழந்தைகளுக்கு நல்ல பாடம்தான்.