"ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள்

(லேக் கார்டன்ஸில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)

ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்.

பயப்படுகிறவர்களிடம் நாமெல்லாம் வழக்கமாகச் சொல்வது, "ஒண்ணும் ஆகாது, பேசாம வா". சிறு வயதில் எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் இதைச் சொல்லித்தான் என் தம்பியைத் தொட்டில் ராட்டினத்தில் ஏற்றினேன். மேலே போனதும் அலறினான். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் ராட்டினத்தின் பக்கமே போனதில்லை.

2004 மே விடுமுறைக்கு என் தங்கை பிள்ளை இங்கே வந்திருந்தான். பன்னிரண்டு வயது. சால்ட் லேக்கில் நிக்கோ பார்க் 1991-லேயே திறந்தாகிவிட்டது. 'சைக்ளோன்' என்ற மர ரோலர் கோஸ்டர் 2003-ல் வந்தது. லேக் கார்டன்ஸிலிருந்து பைபாஸ் வழியாக டாக்ஸியில் போகும்போது குதித்துக்கொண்டு வந்த பையன், அதைக் கண்ணால் பார்த்ததும், "பயமா இருக்கு மாமா" என்றான்.

தம்பி ஞாபகம் வந்தது. "எனக்கும் பயம்தான்டா. வேண்டாம்னா திரும்பிப் போயிடலாம். முதல்ல கீழே நின்னு பார்ப்போம்" என்றேன்.

என் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று எண்ணச் சொன்னேன். மூன்று தடவை எண்ணினான். மூன்றும் ஏறக்குறைய ஒரே கணக்கு.

பிறகு நான் படித்த பௌதிகத்தைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். ஏறும்போது கேட்கிற 'டக் டக்' சத்தம், வண்டி பின்னால் சரியாமல் பல்சக்கரம் போலப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம். உச்சிக்குப் பிறகு எஞ்சின் இழுப்பதில்லை. ஏறிய உயரமே வேகமாக மாறுகிறது. சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலே மட்டுமல்ல, அடியிலும் உண்டு. ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதனால் வண்டி மேலே எழும்ப முடியாது. மரச் சட்டம் ஆடும், கிறீச்சிடும். காற்றுக்குத் தென்னை வளைந்து கொடுப்பது போலத்தான். "இறங்கும்போது வயிறு தொண்டைக்கு வர மாதிரி இருக்கும். உடம்பு சீட்டில அழுந்தறது குறையறதால அப்படித் தோணும். அப்போ வாய்விட்டுக் கத்து, நானும் கத்தறேன்" என்றேன்.

வரிசையில் நின்று, கடைசியில் அவனே, "போலாம் மாமா" என்றான்.

ஏறினோம். என் மணிக்கட்டில் அவன் நகம் பதிந்தது. இருவரும் கத்தினோம். இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. இன்னொரு தடவை என்று கேட்கவில்லை. "நீங்க சொன்ன இடத்திலெல்லாம் சொன்னது நடந்தது மாமா" என்றான். எனக்கு அது போதும்.

சென்ற வருஷம் எனக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது. அந்தக் குழாயைப் பார்த்ததும் கால் நடுங்கியது. கூட வந்தவன் அதே பையன். இப்போது முப்பதைத் தாண்டியவன். "ஒண்ணும் ஆகாது" என்று அவன் சொல்லவில்லை. "தடதடன்னு பெரிய சத்தம் வரும் மாமா, காந்தச் சுருள் அதிர்ற சத்தம்தான். நடுநடுவுல நிக்கும், அதுக்காக முடிஞ்சுதுன்னு எழுந்துக்காதீங்கோ. கையில ஒரு பந்து கொடுப்பா, முடியலைன்னா அமுக்குங்கோ, நிறுத்திடுவா" என்றான்.

உள்ளே படுத்துக்கொண்டு சத்தத்தை எண்ணினேன். பந்தை அமுக்கவில்லை.

நம் வீடுகளில் ஆபரேஷனுக்கோ, முதல் விமானப் பயணத்துக்கோ, பரீட்சைக்கோ பயந்து நிற்கிறவர் யாராவது எப்போதும் இருப்பார். என்ன நடக்கும் என்று உள்ளபடி சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இடம் கொடுங்கள். பிறகு பக்கத்தில் உட்காருங்கள்.

இந்தப் பேச்சின் பிரதியைத் தம்பிக்கும் அனுப்புகிறேன். அறுபது வருஷத்துக்கு முன்னால் சிரித்ததற்கு மன்னிப்பு கேட்க இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது.