பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு!

(பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நமது வாலிபர்கள் கையில் போன் இருக்கிறது. அதில் ‘டேட்டிங்’ என்று ஒன்று நடக்கிறது. ஆணும் பெண்ணும் போட்டோவைப் பார்த்து, எழுதிப் பழகி, பிடித்தால் நேரில் சந்திக்கிறார்கள். தரகர் இல்லாத பெண் பார்க்கும் வைபவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், அது சரியா, தப்பா என்பது இன்றைய பேச்சல்ல.

கேள்வி வயதைப் பற்றியது. அமெரிக்காவின் ‘டிண்டர்’ கம்பெனி 2016 வரை 13 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பெரியவர்களோடு கலக்காமல் தனியே வைத்திருக்கிறோம் என்றது. வயதுக்குச் சாட்சி என்ன? ‘பேஸ்புக்’கில் அவரவர் எழுதி வைத்த பிறந்த தேதி! நாற்பது வயதுக்காரன் பதினாறு என்று எழுதினால் யார் கேட்பது? அந்த ஆண்டு ஜூனில்தான் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கதவை அடைத்தார்கள். ஆகவே வயதைச் சோதிக்கத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எப்படிச் சோதிப்பது? மில் கேட்டிலே வாட்ச்மேன் நம் அடையாள அட்டையைப் பார்க்கிறார், திருப்பிக் கொடுக்கிறார். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெட்டியில் அடுக்கி வைப்பதில்லை. இந்தக் கம்பெனிகள் அடுக்கி வைக்கின்றன!

‘டீ’ என்று ஒரு அமெரிக்க ஆப். பெண்களுக்கு மட்டும். டேட்டிங்கில் சந்தித்தவன் மனைவி இருப்பதை மறைத்தவனா, கை நீட்டுகிறவனா என்று பெண்கள் ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்ளும் இடம். பெண் பெயரில் ஆண் நுழையக் கூடாதல்லவா? அதற்காக முகப்படம் கேட்டார்கள். முன்பெல்லாம் அடையாள அட்டையும் கேட்டார்கள். சோதனை முடிந்ததும் அழித்துவிடுவோம் என்றார்கள். 2025 ஜூலையில் உண்மை அம்பலமாயிற்று. சோதனைக்குக் கொடுத்த சுமார் 13,000 படங்கள் பூட்டில்லாத கிடங்கில் கிடப்பது போலக் கிடந்தன. உறுப்பினர்கள் போட்ட மற்றப் படங்களையும் சேர்த்தால் 72,000. எடுத்தவர்கள் இணையத்தில் வாரி இறைத்தார்கள். அடுத்த சில நாட்களில், 11 லட்சம் அந்தரங்கச் செய்திகளும் அப்படியே திறந்து கிடந்தது தெரிந்தது. கருக்கலைப்பைப் பற்றி ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மனம் விட்டு எழுதியதும் அதில் உண்டு. கெட்டவனிடமிருந்து தப்புவதற்காக வந்தவர்களின் முகங்களை வரிசைப்படுத்தி மார்க் போட்டுச் சிரித்தார்கள் சில கயவர்கள்.

ஏன் அழிக்கவில்லை? போலீஸ் விசாரணைக்குத் தேவைப்படும் என்று வைத்திருந்தோம் என்றது கம்பெனி.

இது புதிதல்ல. கனடாவின் ‘ஆஷ்லி மேடிசன்’ கம்பெனி, விவரங்களை முழுதும் அழிக்கிறோம் என்று 19 டாலர் வசூலித்தது. 2015இல் திருட்டு நடந்தபோது, பணம் கொடுத்து அழிக்கச் சொன்னவர்களின் விவரங்களும் அகப்பட்டன. அழிக்கவும் கூலி, அழிக்காததற்கும் கூலி!

2025 அக்டோபரில் இன்னொன்று. ‘டிஸ்கார்ட்’ என்ற அரட்டைக் கம்பெனியில், வயதை நிரூபிக்கக் கொடுத்த சுமார் 70,000 பேரின் அரசாங்க அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயின. எங்களிடமிருந்து போகவில்லை, காண்டிராக்டரிடமிருந்து போயிற்று என்றது கம்பெனி. காண்டிராக்டர் மேல் பழி போடுவது நமக்குத் தெரியாத வித்தையா, தோழர்களே?

திருடு போன சம்பளத்தை மறு மாதம் சம்பாதிக்கலாம். முகத்தையும் பிறந்த தேதியையும் மாற்றிக்கொள்ள முடியுமா?

வேறு வழியில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியனின் நிர்வாகக் கமிஷன் ஒரு ஆப்பின் மாதிரியை வெளியிட்டது. அட்டையை ஒரு முறை அதில் காட்டினால் போதும். பிறகு கேட்கிற கம்பெனிக்குப் பெயர் போகாது, முகம் போகாது, பிறந்த தேதிகூடப் போகாது. 18 நிரம்பியவர் என்ற ஒரே தகவல்தான் போகும்.